ஒரு வீத மாறிலியும் ஒரு கான் தண்ணீரும்: கருநாட்டப் பிரதியீட்டுத் தாக்குதிறன் பற்றிய இறுதியாண்டு ஆய்வொன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னியிலுள்ள எங்கள் சிறிய இரசாயன ஆய்வுகூடத்துக்கு இறுதியாண்டு மாணவி ஒருவர் தமது ஆய்வுத் திட்டத்துக்கென ஒரு கேள்வியுடன் வந்தார். கருநாட்டப் பிரதியீடு என்பது, இலத்திரன் செறிந்த கருநாடி ஒன்று காபனிலுள்ள ஒரு கூட்டத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கும் தாக்கம். அதைப் பற்றி உயர்தர வகுப்பில் எல்லோரும் மனனம் செய்யும் இரண்டு வரிசைகள் உண்டு. ஒரே படியில் நிகழும் கருநாட்டப் பிரதியீட்டில் முதல் அற்கைல் ஏலைட்டு (அலசனைத் தாங்கும் காபனுடன் ஒரு காபன் மாத்திரம் இணைந்தது) விரைவாகவும் புடை அற்கைல் ஏலைட்டு (மூன்று காபன்கள் இணைந்தது) மிக மந்தமாகவும் தாக்கமுறும்; இரண்டு படிகளில் நிகழும்போது அந்த வரிசை தலைகீழாகிவிடும். "சேர், சேர்வை மாறவில்லை, வரிசை மட்டும் மாறுது எண்டால், தாக்குதிறன் எண்டது எதனுடைய குணம்?" என்று அவர் கேட்டார். கரும்பலகையில் வரைந்த சோதனைக் குழாய்களைப் பார்த்தே உயர்தர இரசாயனத்தைக் கற்று வந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்வி அது. இளநிலை ஆய்வொன்றுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இருக்க முடியாது என்று நான் கருதினேன், இன்றும் அப்படியே கருதுகிறேன். அந்த ஆய்வு எங்கே வழுக்கியது, எப்படி நிமிர்ந்தது என்பதையே இங்கு பதிவு செய்கிறேன்.

கேள்வியின் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரதியீட்டின்போது காபன் அணுவைச் சூழ்ந்த ஒழுங்கு புரட்டப்படக்கூடும் என்பதை 1896 இல் போல் வால்டன் வெளிப்படுத்தினார். அதற்கான விளக்கம் 1930களில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிறிஸ்தோபர் இங்கோல்ட், எட்வர்ட் ஹியூஸ் ஆகியோரின் வீத அளவீடுகளிலிருந்து தெளிவாகப் பிறந்தது. கருநாடி பின்புறமிருந்து தாக்க, வெளியேறும் கூட்டம் முன்புறத்தால் விலகும் ஒருபடிப் பொறிமுறையை அவர்கள் எஸ்.என்.2 என்றும், வெளியேறும் கூட்டம் முதலில் தானாகப் பிரிந்து நேரேற்றமுள்ள காபன் அயனான காபோகற்றயனை விட்டுச்செல்லும் இருபடிப் பொறிமுறையை எஸ்.என்.1 என்றும் பெயரிட்டனர். எஸ்.என்.2 வழியில் எதைல் ஏலைட்டின் சராசரி வீதத்தை 1 என்று கொண்டால் மெதைல் 30 ஆகவும், ஐசோபுரோப்பைல் 0.025 ஆகவும் அமைகின்றன. நியோபென்ரைல் ஏலைட்டு பெயரளவில் முதல் அற்கைல் ஏலைட்டேயாயினும் அதன் பெறுமானம் 0.00001 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த காபனில் நெருங்கி நிற்கும் மூன்று மெதைல் கூட்டங்கள் கருநாடி வரும் வழியை அடைத்துவிடுவதே அதற்குக் காரணம். எனவே முதல், வழி (இரண்டு காபன்கள் இணைந்தது), புடை என்ற பெயர்கள் தாமே காரணங்கள் அல்ல என்பதை மாணவி ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்.

முதற் கட்டமாக இரண்டு எளிய சோதனைகள் செய்யப்பட்டன. அசற்றோனில் கரைத்த சோடியம் அயடைட்டுடன் 1-புரோமோபியூற்றேன் சில நிமிடங்களில் கலங்கியது, 2-புரோமோபியூற்றேனுக்குச் சூடு தேவைப்பட்டது, புடை-பியூற்றைல் குளோரைட்டு தெளிவாகவே இருந்தது. எதனோலில் கரைத்த வெள்ளி நைத்திரேற்றுடன் புடை-பியூற்றைல் குளோரைட்டு உடனே வெண்ணிற வீழ்படிவைத் தந்தது, மற்றவை பிந்தின. இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு என்பதை மாணவியே குறிப்பேட்டில் எழுதியிருந்தார். மூன்றாவது சேர்வை குளோரைட்டு, மற்றவை இரண்டும் புரோமைட்டுகள். புரோமைட்டு எளிதாக வெளியேறும் கூட்டம். ஆகவே வெள்ளி நைத்திரேற்றுச் சோதனையில் குளோரைட்டு முந்தியது முடிவை வலுப்படுத்துகிறது, அயடைட்டுச் சோதனையில் அது பிந்தியதோ முடிவைப் பாதி சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. புடை-பியூற்றைல் புரோமைட்டு எங்கள் அலுமாரியில் இருக்கவில்லை. புடை-பியூற்றைல் குளோரைட்டையே, புடை அற்ககோலைச் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்துடன் பிரிபுனலில் குலுக்கி அவர் தாமே தயாரித்திருந்தார்.

வீழ்படிவு தோன்றும் நேரத்தைக் கண்ணால் பார்ப்பது வரிசையைத் தரும்; எண்ணைத் தராது. எண் வேண்டுமாயின் இயக்கவியல் அளவீடு தேவை. அதற்கு நாம் தெரிவு செய்தது, எதனோலும் நீரும் சம கனவளவில் கலந்த கரைப்பானில் புடை-பியூற்றைல் குளோரைட்டின் தாக்கம். அந்தத் தெரிவுக்கு ஒரு காரணம் இருந்தது. 1948 இல் ஏர்னஸ்ட் குறுன்வால்டும் சோல் வின்ஸ்ரினும் கரைப்பான்களின் அயனாக்கும் வலுவை அளப்பதற்கு இதே சேர்வையையே அளவுகோலாகக் கொண்டார்கள். 80% எதனோலில், 25 பாகை செல்சியஸில், அதன் வீத மாறிலி, அதாவது தாக்கத்தின் வேகத்தைக் குறிக்கும் எண், செக்கனுக்கு 9.24 × 10⁻⁶. அங்கே அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 21 மணித்தியாலம். 50% எதனோலில் அதே வீதம் 45 மடங்காகிச் செக்கனுக்கு 4.18 × 10⁻⁴ ஆகிறது, அரைவாழ்வுக்காலமும் 28 நிமிடத்துக்குச் சுருங்குகிறது. தூய நீரிலோ அது அரை நிமிடத்தைக்கூட எட்டாது. அளவுகோலாகவே இருக்கும் சேர்வையை அளந்தால், நாம் காணும் வேறுபாடு சேர்வையின் புதுமையாக இராது, எம்முடைய பிழையாகவே இருக்கும். மேசைத் தராசு தவிரப் பெரிய அளவீட்டுக் கருவி எதுவுமில்லாத ஆய்வுகூடத்துக்கு இப்படியொரு காவலாள் அவசியம்.

முறை பழையது. 10 மில்லிலீற்றர் கலவையில் 0.5 மில்லிமூல் குளோரைட்டும், அதன் பத்திலொரு பங்கான 0.05 மில்லிமூல் சோடியம் ஐதரொட்சைட்டும், அமிலத்தில் நிறம் மாறும் காட்டியான புரோமோபீனோல் நீலம் ஒரு துளியும் இருக்கும். தாக்கத்தில் வெளியாகும் அமிலம் ஐதரொட்சைட்டை முழுவதும் நடுநிலையாக்கியதும் நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். அந்தக் கணத்தில் குளோரைட்டில் 10% தாக்கமுற்றிருக்க வேண்டும் என்பதால், 10% தாக்கத்துக்குரிய மடக்கைப் பெறுமானமான 0.105 ஐ நிறுத்தற் கடிகாரம் காட்டிய செக்கன்களால் வகுத்தால் வீத மாறிலி கிடைக்கும். 25 பாகையில் 252 செக்கன் எதிர்பார்க்கப்பட்டது.

வன்னியில் மார்ச் மாதப் பிற்பகல் 25 பாகையில் இருப்பதில்லை. ஆய்வுகூட வெப்பமானி 33 ஐக் காட்டியது. அந்த மார்ச்சின் இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது; மின்சாரத்தில் இயங்கும் வெப்பநிலைக் காப்புத் தொட்டி அலங்காரப் பொருளாகிவிட்டது. ஆனால் ஏவற்சக்தி (தாக்கம் நிகழத் தாண்ட வேண்டிய சக்தித் தடை) மூலுக்கு ஏறத்தாழ 95 கிலோயூல் எனத் தெரிந்திருப்பதால், 25 இலிருந்து 33 பாகைக்கு ஏறும்போது வீதம் சுமார் 2.7 மடங்காகும் என்றும், 252 செக்கன் ஒன்றரை நிமிடமாகக் குறையும் என்றும் கணிக்கலாம். மாணவியின் முதல் நாள் அளவீடுகள் தம்முள் நிறையவே சிதறினாலும் அவற்றின் சராசரி ஏறத்தாழ ஒன்றரை நிமிடமாகவே வந்தது. நான் மகிழ்ந்து, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். அந்தச் சொல் தவறு. மேற்பார்வையாளர் என்ற வகையில் இந்த நிகழ்வில் என் பிழை அதுவே. சிதறலை விட்டுவிட்டுச் சராசரியை மாத்திரம் பார்த்தேன்.

மாணவி அதை ஏற்கவில்லை. ஒரே கலவை ஏன் ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும் நிறம் மாறுகிறது என்பதே அவருடைய கவலையாக இருந்தது. அடுத்த நாள் வெப்பமானியை மேசையில் வைக்காமல் கொதிகுழாய்க்குள்ளேயே வைத்தார். குளோரைட்டைக் கொண்ட எதனோலை நீருடன் சேர்த்த உடனேயே இரசம் பல பாகை எழுந்தது. எதனோலும் நீரும் கலக்கும்போது வெப்பம் வெளியாகும் என்பதும், கனவளவு சற்றுச் சுருங்கும் என்பதும் யாரும் அறிந்ததே. சம கனவளவுகள் கலக்கும்போது, வெப்பம் வெளியே போகாவிடின், ஏறத்தாழ 7 பாகைவரை உயர்வு ஏற்படலாம். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் அளவீட்டில் அந்தச் சூடு தணிவதற்கு நேரமே இல்லை. 33 பாகை என்று நாம் எழுதிய எண், குழாய்க்குள் நடந்த தாக்கத்தின் வெப்பநிலையே அல்ல.

திருத்தம் இரண்டு விதமாக அமைந்தது. எதனோலையும் நீரையும் ஐதரொட்சைட்டையும் முன்கூட்டியே கலந்து ஆறவிட்டு, குளோரைட்டை மாத்திரம் எதனோலில் செறிவாகக் கரைத்து, அதில் அரை மில்லிலீற்றரைச் சிறிஞ்சினால் இறுதியில் சேர்ப்பது ஒன்று. வெப்பநிலையைப் பிடித்து வைப்பது மற்றது. அதற்கு மாணவியின் தகப்பனார் முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவரிடமிருந்து பெரிய றெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார். அதில் பதினைந்து லீற்றர் நீரை நிரப்பி, நொறுக்கிய ஐஸைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கினால் 25 பாகை, கால் பாகைக்குள் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. மின்சாரம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று பாகை வழுவினாலே வீதம் 40% க்கு மேல் மாறிவிடும் இந்தத் தாக்கத்துக்கு, மீன் பெட்டி எங்களுடைய மிக மதிப்புமிக்க கருவியாயிற்று. 51 பாகையில் கொதிக்கும் புடை-பியூற்றைல் குளோரைட்டின் போத்தலும் அதே பெட்டியின் மூலையில் ஐஸுக்குள் வைக்கப்பட்டது.

இப்போது சிதறல் நின்றது. ஐந்து முறை செய்தாலும் ஐந்தும் சில செக்கன் வித்தியாசத்துக்குள் அடங்கின. ஆனால் கிடைத்த நேரம் 252 செக்கன் அல்ல. ஏறத்தாழ 388 செக்கன். அளவீட்டைத் திருத்தத் திருத்த விடை புத்தகத்தை விட்டு விலகியது. முதல் நாள் கிடைத்த "சரியான" எண்ணில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்திருந்தன என்பதும், நாம் ஒன்றை மாத்திரமே நீக்கியிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் புலப்பட்டது.

முதலில் குளோரைட்டின் மீதே சந்தேகம் விழுந்தது. ஆவியாகிச் செறிவு குறைந்திருந்தால் அமிலம் மெதுவாகவே சேரும். மாணவி ஐதரொட்சைட்டு இடாத கலவை ஒன்றை இரவு முழுவதும் விட்டு, தாக்கம் முற்றுப்பெற்ற பின் வெளியான அமிலத்தை நியமித்தார், அதாவது செறிவு தெரிந்த மூலக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளந்தார். எதிர்பார்த்ததில் 5% குறைந்திருந்தது. ஆவியானதாகவே அதைக் குறித்துக்கொண்டோம். ஆயினும் 5% குறைவு நேரத்தை ஏறத்தாழ 5% மாத்திரமே நீட்டும். எம்முன் இருந்ததோ 54% நீட்சி.

அடுத்த சோதனையே இந்த நிகழ்வின் மிக ஆபத்தான இடம். எஸ்.என்.1 வழியில் ஐதரொட்சைட்டின் செறிவு வீதத்தைப் பாதிக்கக்கூடாது. ஐதரொட்சைட்டை இரட்டித்தால் நிறம் மாறுவது 20% தாக்கத்தில் ஆகும், நேரம் 2.12 மடங்காக வேண்டும். மாணவிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 688 செக்கன், அதாவது 1.77 மடங்கே. வீத மாறிலியாக மாற்றினால் 2.71 × 10⁻⁴ ஆக இருந்தது 3.24 × 10⁻⁴ ஆயிற்று: ஐதரொட்சைட்டை இரட்டித்ததும் வீதம் 20% உயர்ந்ததுபோல் தோன்றியது. அந்த வாரம் அவர் எழுதிக் கொடுத்த வரைவில், புடை-பியூற்றைல் குளோரைட்டின் தாக்கத்தில் எஸ்.என்.2 வழிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்ற வாக்கியம் இருந்தது. வாக்கியம் அழகாகவே எழுதப்பட்டிருந்தது. எண்களும் அதற்குச் சாட்சி சொன்னது போலவே இருந்தன. மூன்று மெதைல் கூட்டங்கள் பின்புறத்தை மூடி நிற்கும் ஒரு காபனை ஐதரொட்சைட்டு அப்படித் தாக்காது என்று கோட்பாட்டைச் சொல்லி அந்த வரியை நான் வெட்டியிருக்கலாம். அப்படி வெட்டியிருந்தால் அளவீட்டைக் கோட்பாட்டால் அடக்குவதையே அவர் கற்றிருப்பார். எனவே வெட்டாமல், அந்த 20% வேறெங்கிருந்து வரக்கூடும் என்று தேடிவிட்டு வருமாறு கேட்டேன்.

விடை வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. வெயில் யன்னலூடாகச் சாய்ந்து விழுந்த ஒரு காலையில், எதனோல்-நீர்க் கலவையில் ஐதரொட்சைட்டை இட்டவுடன் இலேசான வெண்கலங்கல் எழுந்ததை அவர் கண்டார். "சேர், இது வீட்டில கேத்தலுக்குள்ள படியிற வெள்ளை மாதிரி இருக்கு" என்றார். வன்னியில் கிணற்று நீரைக் காய்ச்சும் எந்த வீட்டுக்கும் அந்த வெள்ளைப் படையைத் தெரியும். அது கல்சியம் காபனேற்று. வன்னீரில் கரைந்திருக்கும் கல்சியம், இருகாபனேற்று ஆகிய அயன்கள், சூட்டினாலோ ஐதரொட்சைட்டினாலோ தூண்டப்படும்போது விட்டுச்செல்லும் படிவு. வடித்த நீரில் அது எழுவதற்கு வழியே இல்லை.

விசாரித்தபோது விடயம் எளிமையானது. மின்வெட்டு நாட்களில் நீர் வடிக்கும் கருவி இயங்கவில்லை. வடித்த நீர் என்று ஒட்டியிருந்த கானை யாரோ ஒருவர், வெறுமையாக இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், கூரைத் தாங்கியின் குழாயிலிருந்து நிரப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கானைப் பாவிக்கும் முன் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டுப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்படுத்தியிருக்கவில்லை.

இருகாபனேற்று எப்படி ஒரு பொறிமுறையைப் பொய்யாக உருவாக்கிக் காட்டியது என்பதை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். புரோமோபீனோல் நீலம் பிஎச் 4 ஐ அண்டியே நிறம் மாறுகிறது. வெளியாகும் அமிலம் ஐதரொட்சைட்டை முடித்த பின்னும் நிறம் மாறுவதற்கு, நீரிலுள்ள இருகாபனேற்று முழுவதையும் அது முடிக்க வேண்டும். அதாவது நாம் எண்ணிய 0.05 மில்லிமூல் மூலத்துக்கு (அமிலத்தை நடுநிலையாக்கும் பொருளுக்கு) மேலாக, கணக்கில் வராத ஒரு மூலம் குழாய்க்குள் ஒளிந்திருந்தது. அதன் அளவு மாறாதது. ஐதரொட்சைட்டைக் கூட்டக் கூட்ட அந்த ஒளிந்த பங்கின் செல்வாக்கு விகிதத்தில் குறைகிறது. வீத மாறிலி உண்மைப் பெறுமானத்தை நோக்கி ஏறுவதுபோல் தோன்றுகிறது. அந்த ஏற்றத்தையே நாம் ஐதரொட்சைட்டின் தாக்குதல் என்று வாசிக்கப் பார்த்தோம்.

இதைச் சரிபார்க்க மாணவி செய்த கணிப்பு இந்த ஆய்வின் மிகச் சிறந்த பக்கம் என்பேன். தெரியாதவை இரண்டு: உண்மையான வீத மாறிலி, ஒளிந்த மூலத்தின் அளவு. தெரிந்த நேரங்களும் இரண்டு: 388, 688. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தபோது ஒளிந்த மூலம் குளோரைட்டின் 5% என வந்தது. அதாவது 10% இல் நின்றதாக நாம் நம்பிய அளவீடு உண்மையில் 15% இலேயே நின்றிருக்கிறது. அந்தத் திருத்தத்துடன் வீத மாறிலி 4.18 × 10⁻⁴ க்கு வந்து சேர்ந்தது. 5 மில்லிலீற்றர் நீரில் 0.025 மில்லிமூல் என்றால் லீற்றருக்கு 5 மில்லிமூல். பின்னர் அந்தக் கான் நீரையே ஐதரோகுளோரிக்கமிலத்தால் நேரடியாக நியமித்தபோதும் ஏறத்தாழ அதே அளவே கிடைத்தது. இரவு முழுவதும் விட்ட கலவையில் காணாமற்போன 5% அமிலமும் ஆவியானதல்ல என்பது அப்போது விளங்கியது: அதையும் இருகாபனேற்றே விழுங்கியிருந்தது. ஒரே எண் மூன்று இடங்களில் மூன்று வேடத்தில் வந்து நின்றிருக்கிறது, நாம் மூன்றையும் வெவ்வேறாக விளக்க முனைந்திருக்கிறோம்.

காட்டியை மாற்றியிருந்தாலும் இது முன்னரே பிடிபட்டிருக்கும். பிஎச் 8 இற்கு மேலேயே நிறமிழக்கும் பினோத்தலீன் இருகாபனேற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே கெட்ட நீரில் பினோத்தலீனைக் கொண்டு செய்தபோது நேரம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. ஐதரொட்சைட்டின் ஒரு பகுதியைக் கல்சியம் காபனேற்றுப் படிவு ஏற்கெனவே எடுத்துக்கொண்டதும், எதனோலில் காட்டியின் நிறமாற்ற எல்லை நகர்வதும் அதற்குக் காரணமாகலாம். இரண்டு காட்டிகளும் இரண்டு விடைகளைத் தருமானால் கரைசலில் மூன்றாவது ஆள் இருக்கிறார் என்பது பொருள்.

வவுனியா நகரில் வாகன பற்றறிக்கென விற்கும் வடித்த நீரை வாங்கி, வெள்ளி நைத்திரேற்றாலும் அமில நியமிப்பாலும் சோதித்து, கரைந்த காபனீரொட்சைட்டு நீங்கக் கொதிக்க வைத்து ஆற்றி மீண்டும் அளந்தபோது, புரோமோபீனோல் நீலத்துடன் நேரம் 252 செக்கனை அண்டியே நின்றது. ஐதரொட்சைட்டை இரட்டித்தபோது அது 2.1 மடங்காயிற்று. எஸ்.என்.2 பற்றிய வாக்கியத்தை மாணவி தாமே நீக்கினார். தொடர்ந்து 60%, 40% எதனோல் கலவைகளிலும் அளவீடுகள் செய்யப்பட்டன. நீரின் பங்கு 40 இலிருந்து 60 சதவீதமாகும்போது வீதம் ஏறத்தாழ 12 மடங்காக வேண்டும் என்ற குறுன்வால்ட்-வின்ஸ்ரின் பெறுமானத்துக்கு அவை நெருங்கியே அமைந்தன. அதே 50% கலவையில் 1-புரோமோபியூற்றேனை இட்டபோது, பிற்பகல் முழுவதும் காத்திருந்தும் நிறம் மாறவில்லை.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கான விடை இந்த இடத்தில் அவருடைய சொந்த எண்களிலேயே இருந்தது. அதே குளோரைட்டு 60% எதனோலில் ஒரு வீதத்தையும், 40% எதனோலில் அதைப் போல் 12 மடங்கையும், அசற்றோனில் அயடைட்டுடன் ஏறக்குறையப் பூச்சியத்தையும் காட்டுகிறது. தாக்குதிறன் மூலக்கூறின் தனிச் சொத்து அன்று. மூலக்கூறு, கருநாடி, கரைப்பான், வெப்பநிலை ஆகிய நான்கும் ஒன்றாகச் செய்துகொள்ளும் உடன்பாடு. ஐந்தாவதாகக் கானில் இருக்கும் நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மாணவி முடிவுரையில் எழுதியிருந்தார், அதை நான் திருத்தவில்லை. கெட்ட நீரில் எடுத்த அளவீடுகள் அனைத்தும் திகதியுடன் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. நிறம் மாறுவது அமிலம் வெளியானதை மாத்திரமே காட்டுகிறது. அந்த அமிலம் பிரதியீட்டில் வந்ததா, அல்லது குளோரைட்டும் ஒரு ஐதரசனும் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகும் நீக்கலில் வந்ததா என்பதை அது காட்டாது. 80% எதனோலில் 25 பாகையில் புடை-பியூற்றைல் குளோரைட்டின் ஏறக்குறைய 17% பிரதியீட்டுக்குப் போகாமல் ஐசோபியூற்றீனாகிறது, மிகுதி அற்ககோலும் ஈதருமாகிறது. மூன்று வழிகளும் ஒரே காபோகற்றயனிலிருந்தே பிரிவதால், மூன்றிலும் ஒரு மூலக்கூறு குளோரைட்டுக்கு ஒரு மூலக்கூறு அமிலமே வெளியாகிறது. பரீட்சகர் இதை எடுத்துச் சொன்னபோது, தாம் அளந்தது அயனாகும் படியின் வீதத்தையே, பிரதியீட்டின் வீதத்தையல்ல என்று மாணவி தயங்காமல் ஒப்புக்கொண்டார். நூலாகக் கட்டுவதற்கு முன் ஆய்வின் தலைப்பிலிருந்த "பிரதியீடு" என்ற சொல்லின் மேல் கோடிட்டு, "கரைப்பாற்பகுப்பு" (கரைப்பானே சேர்வையைப் பிரித்துத் தாக்கமுறச் செய்வது) என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.